தேநீர்ச்சாலையில் பிறந்த கணினியும் தபால் நிலையத்தில் தோற்ற மென்பொருளும்

வர்த்தக நிறுவனமொன்றின் அன்றாட வேலைக்கு உலகிலேயே முதன்முதலாகக் கணினியைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலானோருக்கு அமெரிக்காவின் பெரிய வங்கியொன்றோ காப்புறுதி நிறுவனமொன்றோ தான் நினைவுக்கு வரும். உண்மை வேறு. தேநீரும் கேக்கும் பாணும் விற்ற லண்டன் நிறுவனமொன்றுக்கே அந்தப் பெருமை உரியது. ஜே. லையன்ஸ் அன்ட் கம்பனி என்பது அதன் பெயர். தனது பேக்கரிகளில் வாரந்தோறும் உற்பத்தியாகும் பண்டங்களின் பெறுமதியைக் கணக்கிடும் வேலையை 1951ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அது ஒரு கணினியிடம் ஒப்படைத்தது. அந்தக் கணினியையும் அதை இயக்கிய நிரலையும் அந்நிறுவனத்தின் ஆட்களே தயாரித்திருந்தார்கள் என்பதே இதில் வியப்புக்குரிய செய்தி.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தூரத்து உறவு உண்டு. லையன்ஸ் பிரித்தானியாவின் மிகப் பெரிய தேயிலை வியாபாரிகளுள் ஒன்று. அந்நாட்களில் லண்டன் தேயிலை ஏலத்தில் விலைபேசப்பட்டதில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற தேயிலையே. நமது மலையகத்தின் லயன் அறைகளிலிருந்து விடியலில் புறப்பட்டுப்போன பெண்கள் பறித்த கொழுந்து, லண்டன் சந்தையைத் தாண்டிக் கணக்கேடுகளில் இறாத்தல்களாகவும் பென்ஸ்களாகவும் மாறியது. அந்தக் கணக்கேடுகளின் பாரம் தாங்காமலே லையன்ஸ் நிறுவனம் கணினியைத் தேடிப் போனது. பிற்காலத்தில் தேயிலைக் கையிருப்பு, கலவை பற்றிய கணக்குகளும் அதே கணினியின் வேலையாயின.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் எழுதுவிப்பது இன்று பெரிய நிறுவனங்களின் விவகாரம் மட்டுமல்ல. மருந்துக்கடை, தனியார் மருத்துவமனை, பாடசாலை, கோயில் தர்மகர்த்தா சபை என்று எல்லோரும் தமது தேவைக்கு அளவெடுத்துத் தைத்த மென்பொருள் வேண்டும் என்று யாரோ ஒருவரிடம் போகிறார்கள். அவற்றுள் பல இடைநடுவில் நின்றுவிடுகின்றன. வேறு சில, முடிந்த பின்னர் வேலையை முன்னிலும் சிக்கலாக்குகின்றன. பணம் போதவில்லை என்றோ தொழில்நுட்பம் பிழைத்துவிட்டது என்றோ பிற்பாடு காரணம் சொல்லப்படும். வரலாறு காட்டும் காரணம் வேறு. அதை விளக்க, ஒரே நாட்டில் சுமார் அரை நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

கோப்பைத் தேநீரின் கணக்கு

லையன்ஸ் நிறுவனத்தின் முதலாவது தேநீர்ச்சாலை 1894ஆம் ஆண்டில் லண்டன் பிக்கடிலி வீதியில் திறக்கப்பட்டது. பின்னர் பிரித்தானிய நகரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தேநீர்ச்சாலைகள் அதற்கு இருந்தன. பெரும் உணவு மண்டபங்கள், பேக்கரிகள், ஐஸ்கிறீம் தொழிற்சாலை, தேயிலைப் பொதியிடும் ஆலை என்று அது வளர்ந்தது. மேற்கு லண்டனில் கேட்பி ஹோல் என்ற பெரிய வளாகத்தில் அதன் தலைமையகம் இருந்தது.

இத்தகைய வியாபாரத்தில் விற்பனைகள் இலட்சக்கணக்கில் நடக்கும். ஆனால் ஒவ்வொரு விற்பனையின் இலாபமும் ஒரு பென்னியின் சிறு பின்னமே. ஒரு கோப்பைத் தேநீரையும் ஒரு பணிஸையும் விற்றதற்கான பற்றுச்சீட்டை எழுதவும், கூட்டவும், சரிபார்க்கவும் ஆகும் செலவு சற்று ஏறினாலே அந்த இலாபம் கரைந்துவிடும். நூற்றுக்கணக்கான லிகிதர்கள் வரிசை வரிசையாக அமர்ந்து நாள் முழுதும் கூட்டிக்கொண்டிருந்த மண்டபங்களே லையன்ஸின் உண்மையான சமையலறை என்று சொன்னாலும் பொருந்தும்.

1923ஆம் ஆண்டு ஜோன் சிமன்ஸ் என்ற இளைஞர் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். லிகிதர்களின் வேலையை எவ்வாறு எளிமையாக்குவது என்று ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவொன்றை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். கணினி என்ற சொல்லையே யாரும் இன்றைய பொருளில் கேட்டிராத காலம் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிரிவினர் ஒவ்வொரு படிவமும் எங்கிருந்து புறப்படுகிறது, யார் கைக்குப் போகிறது, எதற்காக எழுதப்படுகிறது என்பதை நுணுகி ஆராய்ந்து வந்தார்கள். கணினி வந்து சேர்ந்தபோது அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. வேலையை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள்.

1947ஆம் ஆண்டு ஒலிவர் ஸ்டான்டிங்போர்ட், ரேமண்ட் தொம்சன் ஆகிய இரு அதிகாரிகள், யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்காவில் அலுவலக முறைகள் எவ்வாறு உள்ளன என்று பார்த்துவர அனுப்பப்பட்டார்கள். அங்கு பிரின்ஸ்டனில் கணித அறிஞர் ஹேர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்கென உருவாக்கப்பட்ட மின்னணு இயந்திரத்தைச் சம்பளக் கணக்குக்குப் பயன்படுத்த முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய சொந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மொறிஸ் வில்க்ஸ் என்பவர் அத்தகைய இயந்திரமொன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி அமெரிக்காவில் வைத்துத்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

நாடு திரும்பியவர்கள் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். லையன்ஸ் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுண் நன்கொடை கொடுத்தது. தனது மின்னியல் உதவியாளர் ஒருவரையும் அங்கே அனுப்பிவைத்தது. எட்சாக் எனப்பட்ட அந்த இயந்திரம் 1949 மே மாதம் தனது முதலாவது நிரலை வெற்றிகரமாக இயக்கியதும், அதன் வடிவமைப்பைப் பின்பற்றித் தனக்கென ஒரு கணினியைக் கட்டும் வேலையை லையன்ஸ் முழுமூச்சாக முடுக்கிவிட்டது. ஜோன் பிங்கர்டன் என்ற பொறியியலாளர் அப்பொறுப்பை ஏற்றார். லையன்ஸ் மின்னணு அலுவலகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'லியோ' என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ 6,000 வெற்றிடக் குழாய்கள் அதில் இருந்தன. பாதரசம் நிரப்பிய நீண்ட உருளைகளே அதன் நினைவகம். அந்த நினைவகத்தின் கொள்ளளவு இன்றைய கணக்கில் ஒன்பது கிலோபைட்டுக்கும் குறைவு. இக்கட்டுரையையே அதற்குள் அடக்க முடியாது.

முதலில் வேலை, பிறகு இயந்திரம்

லியோவின் வன்பொருளை விடவும் முக்கியமானது, அதற்கு நிரல் எழுதப்பட்ட முறை. அப்பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் டேவிட் கமினர். 1936இல் பயிலுநராக லையன்ஸில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கக் களத்தில் ஒரு காலை இழந்து, மீண்டும் அலுவலகத்துக்கு வந்தவர். இன்று கணினித்துறையினர் முறைமைப் பகுப்பாய்வாளர் என்று அழைக்கும் தொழிலின் முன்னோடியாக அவரே கருதப்படுகிறார். அவருடைய குழுவினர் பலர் நிறுவனத்துக்குள்ளிருந்தே தெரிவானவர்கள். 1952இல் அங்கு சேர்ந்த மேரி கூம்ஸ், வர்த்தகக் கணினிக்கு நிரல் எழுதிய முதலாவது பெண்ணாகப் போற்றப்படுகிறார்.

கமினரின் நடைமுறை கண்டிப்பானது. ஒரு வேலையை ஏற்பதற்கு முன் அதை இப்போது செய்கின்றவர்களிடம் போய், எல்லா விதிவிலக்குகளும் உட்பட, கேட்டறிய வேண்டும். வேலை முழுவதையும் தாளில் வரைபடமாக வரைய வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். கணினி தரும் விடையைத் தனியாகக் கூட்டிய மொத்தங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். அதன் பின்னரும், பழைய முறையும் புதிய முறையும் சில காலம் அருகருகே நடக்க வேண்டும். இரண்டினதும் விடைகள் திரும்பத் திரும்பப் பொருந்திய பிறகே பழைய பேரேடு மூடப்படும். விடைகள் முரண்பட்டால் பிழை எங்கே என்று இரு பக்கத்திலும் தேடப்படும். லிகிதரின் பேரேடு அங்கே கணினிக்கு எதிரான சாட்சியாக மதிக்கப்பட்டது.

1953 டிசம்பர் 24ஆம் திகதி ஊழியர் சம்பளக் கணக்கு முதன்முதலாக லியோவினால் தயாரிக்கப்பட்டது. அனுபவமுள்ள லிகிதர் ஒருவருக்கு ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் ஆகும். லியோ அதை ஒன்றரை விநாடியில் முடித்தது. நத்தாருக்கு முந்திய நாள் சம்பளம் பிழைத்திருந்தால் அது பெரும் கலவரமாக முடிந்திருக்கும். பிழைக்கவில்லை. நீண்ட ஒத்திகையின் பலன் அது.

தேநீர்ச்சாலைகளுக்கு மறுநாள் பண்டங்களை அனுப்பும் வேலை இன்னும் சுவையானது. ஒவ்வொரு சாலையின் முகாமையாளர் பெண்ணும் தினமும் நீண்ட படிவமொன்றை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதே படிவத்தை அப்படியே கணினிக்கு மாற்றுவதுதான் எளிதான வழி. ஆனால் கமினரின் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. ஒரு சாலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏறத்தாழ ஒரே பண்டங்களையே கேட்கிறது என்பதை அவர்கள் கவனித்தார்கள். கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான கட்டளைப் பட்டியலை முன்கூட்டியே கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். முகாமையாளர் அதில் மாற்றம் வேண்டும் என்றால் மட்டும் சொன்னால் போதும். குறித்த நேரத்தில் தலைமையகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். காதில் ஒலிவாங்கி மாட்டிய பெண் ஒருவர் மாற்றத்தைக் கேட்டபடியே அட்டையில் துளையிடுவார். சற்று நேரத்தில் பொதியிடும் பட்டியல் தயாராகிவிடும். படிவம் நிரப்பும் தொல்லை முகாமையாளருக்கு இல்லாமற் போயிற்று. தன் கடையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவரிடமே இருந்தது. 1954இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் கணினியைத் தொட்டே பார்த்திராத ஒரு தேநீர்ச்சாலைப் பெண்ணின் அறிவு நிரலாக எழுதப்பட்டிருந்தது எனலாம்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. லிகிதர் வேலைகளின் தேவையைக் குறைப்பதே முகாமைத்துவத்தின் நோக்கமாக இருந்தது. ஆனாலும், வேலையைச் செய்கின்றவருக்கும் நிரலை எழுதுகின்றவருக்கும் இடையே ஒரு மாடிப்படியின் தூரமே இருந்தது என்பதும், பிழை நேர்ந்தால் இருவரும் ஒரே நிறுவனத்தின் உணவுச்சாலையில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதும் சிறிய விடயங்கள் அல்ல.

தைத்துக் கொடுக்கும் தொழில்

லியோவின் புகழ் பரவியது. போர்ட் மோட்டார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு, அரசாங்கத்தின் வருமானவரி அட்டவணைகள் போன்ற வெளியார் வேலைகள் வந்தன. 1954 நவம்பரில் லியோ கம்பியூட்டர்ஸ் என்ற தனிக் கம்பனி உருவாயிற்று. வில்ஸ் புகையிலை நிறுவனம், ஸ்டூவர்ட்ஸ் அன்ட் லொயிட்ஸ் உருக்கு நிறுவனம் முதலியன லியோவின் அடுத்த கணினிகளை வாங்கின. பிரித்தானியத் தபால் திணைக்களமும் 1960களில் லியோ 3 கணினிகளை வாங்கித் தொலைபேசிக் கட்டணப் பட்டியல்களைத் தயாரித்தது. அவற்றுள் சில 1981 வரை உழைத்தன.

ஆனால் தேநீர் விற்கும் நிறுவனமொன்றினால் ஐ.பி.எம்மின் முதலீட்டோடு போட்டியிட முடியவில்லை. 1963இல் லியோ இங்கிலிஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. பல இணைப்புகளின் பின் 1968இல் அது ஐ.சி.எல். என்ற பெரிய பிரித்தானியக் கணினி நிறுவனத்தினுள் கரைந்துபோயிற்று. லையன்ஸ் நிறுவனமும் 1978இல் கைமாறியது. கேட்பி ஹோல் பின்னர் இடிக்கப்பட்டது.

இதே காலத்தில் மென்பொருள் எழுதிக் கொடுப்பது தனித் தொழிலாகிக்கொண்டிருந்தது. 1955இல் நியூயோர்க்கில் தொடங்கிய கம்பியூட்டர் யூசேஜ் கம்பனி, நிரல் எழுதிக் கொடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட முதலாவது நிறுவனமாகக் கருதப்படுகிறது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம்முடன் சேர்ந்து உருவாக்கிய 'சேபர்' ஆசன முன்பதிவு முறைமை 1960களில் முழுமை பெற்றது. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய நிபுணர்கள், பெரிய மென்பொருள்கள் காலம் கடந்தும் செலவு மீறியும் பிழைகளோடும் வந்து சேர்வதை ஒரு நெருக்கடியாகவே விவாதித்தார்கள். அடுத்த ஆண்டு ஐ.பி.எம். மென்பொருளை வன்பொருளிலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்கத் தீர்மானித்தது. எழுதுவிப்பவருக்கும் எழுதுபவருக்கும் இடையே இருந்த மாடிப்படி மெல்ல மெல்ல ஓர் ஒப்பந்தப் பத்திரமாக மாறியது.

கணக்கில் விழுந்த துண்டு

1996ஆம் ஆண்டு மே மாதம் பிரித்தானிய அரசின் சமூகநலக் கொடுப்பனவு முகவரகமும் தபால் நிலையங்களை நடத்திய நிறுவனமும் கூட்டாக ஐ.சி.எல்லுக்கு ஒரு பெரிய ஒப்பந்தத்தை வழங்கின. ஏறத்தாழ 19,000 தபால் நிலையங்களைக் கணினிமயமாக்க வேண்டும். ஓய்வூதியமும் உதவிப்பணமும் காந்த அட்டை மூலம் வழங்க வேண்டும் என்பது திட்டம். அந்நேரம் ஐ.சி.எல்லின் பெரும்பான்மைப் பங்குகள் ஜப்பானின் புஜிட்சு நிறுவனத்திடம் இருந்தன. 2002இல் அதன் பெயரே புஜிட்சு என்று மாறியது. லியோவின் கொடிவழியில் வந்த நிறுவனம், லியோவின் பழைய வாடிக்கையாளரின் வாரிசுக்கே மென்பொருள் எழுத முன்வந்தது. பெயரில்தான் இந்தத் தொடர்ச்சி. பழைய லியோவின் மனிதர்களோ முறைகளோ அங்கு எஞ்சியிருக்கவில்லை.

தனியார் நிதி முன்முயற்சி என்ற ஏற்பாட்டின் கீழ் இவ்வொப்பந்தம் கைச்சாத்தானது. தயாரிப்புச் செலவை ஒப்பந்தக்காரரே ஏற்பார். முறைமை இயங்கத் தொடங்கிய பின் பரிவர்த்தனைக் கணக்கில் பணம் பெறுவார். வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பேரம் இல்லை என்று தோன்றும். ஆனால் அதன் மறுபக்கம், முறைமையின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு மிகவும் சுருங்கிப்போனது. 1999 மே மாதத்தில் கொடுப்பனவு அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. தபால் நிறுவனம் மட்டும் 'ஹொறைசன்' என்ற பெயரில் எஞ்சிய பகுதியை ஏற்றுக்கொண்டது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கென வெட்டிய துணியை ஒருவருக்குத் தைத்துக் கொடுத்தது போன்றது அது.

நிரலின் தரம் பற்றி உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கணக்கு முடிக்கும் பகுதியைத் திருப்பி எழுத வேண்டும் என்று 1998இல் தயாரான உள்ளக அறிக்கையொன்று பரிந்துரைத்தது என்பது பிற்காலப் பொது விசாரணையில் வெளிவந்தது. பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1999 முதல் நாடெங்கும் ஹொறைசன் பொருத்தப்பட்டது.

இந்த முறைமையை நாளாந்தம் இயக்கியவர்கள் உப தபாலதிபர்கள். இவர்கள் அரச ஊழியர்கள் அல்லர். சிறு கடையொன்றை நடத்தியபடி அதன் ஒரு மூலையில் தபால் கருமபீடத்தையும் ஒப்பந்தத்தில் நடத்துபவர்கள். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பல இத்தொழிலில் இருந்தன. புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் அத்தகைய கடைகளின் வாழ்க்கை நன்கு பழக்கமானது. அதிகாலையில் பத்திரிகைக் கட்டைப் பிரிப்பதும், இரவில் கல்லாப் பெட்டியை எண்ணி முடிப்பதும், வீட்டின் பெயரில் கடன் எடுத்துக் கடையை வாங்குவதும் அவர்கள் அறிந்தவையே.

ஹொறைசன் வந்த பின்னர், எண்ணிய பணத்துக்கும் திரையில் காட்டிய தொகைக்கும் இடையே துண்டு விழத் தொடங்கியது. முன்னர் தாளில் கணக்கு எழுதியபோது எந்த வரியில் பிழை என்று தேடிப் பார்க்கலாம். இப்போது அந்த வரிகள் அவர்களின் கண்ணுக்கு எட்டவில்லை. ஹம்ஷயர் மாவட்டக் கிராமமொன்றில் உப தபாலதிபராக இருந்த ஜோ ஹமில்டன் உதவித் தொலைபேசியில் கேட்டுச் செய்தபோது, விழுந்திருந்த துண்டு அவர் கண்முன்னே இரட்டிப்பாயிற்று. இத்தகைய முறைப்பாடு வேறு எவரிடமிருந்தும் வரவில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பலர் தனித்தனியே சாட்சியமளித்துள்ளார்கள். ஒப்பந்தத்தைக் காட்டி, விழுந்த துண்டை உப தபாலதிபரே நிரப்ப வேண்டும் என்றது தபால் நிறுவனம். பலர் வீட்டை ஈடுவைத்து நிரப்பினார்கள். முடியாதவர்கள் மீது களவு, பொய்க் கணக்கு வழக்குகள் பாய்ந்தன. சறே மாவட்டத்தின் சீமா மிஸ்ரா 2010ஆம் ஆண்டு, தமது மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாளன்று, கர்ப்பிணியாக இருந்த நிலையில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களுள் சுமார் 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமே. மென்பொருளை எழுதுவித்தவரே முறைப்பாட்டாளராகவும் புலனாய்வாளராகவும் வழக்குத் தொடுநராகவும் இருந்தார். 2025 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கையின் முதலாம் தொகுதி, குறைந்தது பதின்மூவர் இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்திருக்கக் கூடும் என்று கூறுகிறது.

யாருடைய சொல் சாட்சி?

இந்த அநீதிக்குச் சட்டமும் துணை நின்றது. கணினி தரும் பதிவைச் சாட்சியமாக முன்வைப்பவர், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும் என இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69ஆம் பிரிவு கோரியது. 1999இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன் பிறகு, எதிர்மாறாகக் காட்டப்படும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொண்டது. அதாவது, ஹொறைசன் தபால் நிலையங்களுக்குள் நுழைந்த அதே காலத்தில், அதைச் சந்தேகிக்கும் பாரம் பெட்டிக்கடைக்காரரின் தலையில் ஏற்றப்பட்டது. அவரிடம் கல்லாப் பெட்டி இருந்தது, நிரல் இருக்கவில்லை.

இந்த விடயத்தை 2009 மே மாதத்தில் முதலில் விரிவாக வெளிக்கொணர்ந்தது நாடறிந்த பெரும் நாளிதழ் அல்ல. கணினித் துறையினருக்கான 'கம்பியூட்டர் வீக்லி' என்ற சஞ்சிகை, ஏழு உப தபாலதிபர்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டியது. தனித்தனியாக இருந்தவரை குற்றவாளிகளாகத் தெரிந்தவர்கள், ஒரே பக்கத்தில் சேர்ந்ததும் சாட்சிகளாகத் தெரிந்தார்கள். வேல்ஸில் தமது தபால் நிலையத்தை இழந்த அலன் பேற்ஸ் அவர்களை அமைப்பாகத் திரட்டினார். 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொறைசனில் வழுக்களும் பிழைகளும் இருந்தன என்றும், உப தபாலதிபருக்குத் தெரியாமலே அவரது கணக்கைப் புஜிட்சுவினால் தொலைவிலிருந்து மாற்ற முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் நீதிபதி பிறேசர் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024 ஜனவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகமொன்று மக்களின் கோபத்தைக் கிளப்பிய பின்னர், எஞ்சியவர்களின் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க அவ்வாண்டு மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

மரண அறிவித்தல் கற்பித்தது

இவ்வளவு பெரிய துயரங்கள் நேராவிட்டாலும், இதே நோயின் சிறு வடிவத்தை எந்த அலுவலகத்திலும் காணலாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பத்திரிகை அலுவலகமொன்றில் சிறு விளம்பரங்களைப் பதிவுசெய்ய மென்பொருளொன்று எழுதுவிக்கப்பட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். எழுத வந்தவர்கள் திறமைசாலிகள். முகாமையாளருடன் மூன்று தடவை பேசினார்கள். மரண அறிவித்தல்களை முப்பது ஆண்டுகளாக வாங்கி எழுதிய முதிய லிகிதரிடம் ஒருவரும் பேசவில்லை.

மென்பொருள் வந்தது. இறந்தவரின் பெயருக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள்; முகவரிக்கு ஒரு கட்டம். நம்மவர்களின் மரண அறிவித்தலோ ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊரை வாழ்விடமாகவும், கனடாவையோ ஜேர்மனியையோ தற்காலிக வதிவிடமாகவும் கொண்டு தொடங்கும். மகன், மருமகள், மைத்துனர், சகலர், பேரப்பிள்ளைகள் என்று வரிசை பிசகாமல் நீளும். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் மறுநாள் காலை அலுவலக வாசலில் வழக்கு நிற்கும். யுத்தத்தினால் சிதறிய குடும்பங்களுக்கு அந்தச் சிறு பெட்டிச் செய்தி ஒரு குடும்பப் பதிவேடு. லிகிதர் அதை அறிந்திருந்தார். மென்பொருள் அறிந்திருக்கவில்லை. பல மாதங்கள் கணினிக்குப் பக்கத்திலேயே அவருடைய பழைய கொப்பி திறந்திருந்தது. உண்மையான வேலை கொப்பியில்தான் நடந்தது.

எழுதுபவரை அருகில் வைத்திருப்பதன் அருமையை உணர்ந்தவர்களும் உண்டு. லண்டன் பங்குச் சந்தையின் வர்த்தகம் 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி சுமார் ஏழு மணித்தியாலம் முடங்கியது. அடுத்த ஆண்டு அந்தச் சந்தை, வெளியாரிடம் எழுதுவித்த முறைமையைக் கைவிட்டு, கொழும்புக்கு அருகே மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.ரி. என்ற மென்பொருள் நிறுவனத்தையே சுமார் மூன்று கோடி டொலருக்கு வாங்கியது. 2011 பெப்ரவரி முதல் லண்டன் சந்தை மாலபேயில் எழுதப்பட்ட மென்பொருளில் இயங்கத் தொடங்கியது. அம்மாதமே அதுவும் சில மணித்தியாலம் தடைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிழையற்ற மென்பொருள் எவரும் எழுதியதில்லை. ஆனால் பிழையைத் தேடுகின்றவர்கள் இப்போது அதே நிறுவனத்தின் ஆட்கள்.

ஒரு நிறுவனத்துக்கென எழுதப்படும் மென்பொருள், அந்நிறுவனத்தின் வேலையைப் பற்றி யாரோ ஒருவர் சொன்ன விளக்கமே. அந்த விளக்கத்தைச் சொல்லும்படி யாரிடம் கேட்கிறோம், விளக்கம் பிழைத்தபோது யாருடைய சொல்லை நம்புகிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் கமினர் பணம் கைமாறும் முன்னரே கேட்டார். தபால் நிறுவனத்திடம் அவற்றை இருபது ஆண்டுகளின் பின் நீதிபதி ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. கணினிச் சாட்சியம் பற்றிய அந்த அனுமானத்தை மாற்றுவதா என்று பிரித்தானிய அரசு 2025 ஜனவரியில் பொதுமக்களின் கருத்தைக் கோரியது. நமது ஊரில் அடுத்த மென்பொருளுக்கு முற்பணம் கொடுக்கப் போகின்ற முகாமையாளர்கள் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தமது அலுவலகத்தின் கொப்பிக்காரரை அழைத்து, எழுத வந்தவருக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு உட்காரவைத்தால் போதும்.